ஜெபித்துச் சொல்கிறேன்

எங்கள் சபையில் ஒருவரிடம் போய், ஆராதனை முடிந்ததும் நாற்காலி அடுக்க வருகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். "ஜெபிச்சுட்டுச் சொல்றேன் அண்ணே" என்பார். நாற்காலி அடுக்குவதற்கு என்ன ஜெபம்? வரமாட்டார், அவ்வளவுதான். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல வாய் வராது, அதனால் ஆண்டவரை இழுத்துவிடுவார். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் அந்தச் சிறிய தமிழ்ச் சபையில் நான் இருபது வருடம் மூப்பராக, பாஸ்டருக்கு அடுத்த பொறுப்பில் இருந்தேன். இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் நான் அதைவிட மோசமாகச் செய்துகொண்டிருந்தேன் என்பது மட்டும் உறைக்கவில்லை.

வீடு கிள்ளானில். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர் வேலை. எந்த லோரி எங்கே நிற்க வேண்டும், எந்தச் சரக்கு எங்கே இறங்க வேண்டும் என்று நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். வீட்டுக்கு வந்தால் கத்த மாட்டேன். அதற்கு அவசியம் இருந்ததில்லை. வாசல் நிலைக்கு மேலே, இந்த வீட்டின் தலைவர் இயேசு என்று எழுதிய மரப்பலகை ஒன்று தொங்குகிறது. அவர் தலைவர், அவர் சொல்வதை எடுத்துச் சொல்கிறவன் நான். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

எங்களுக்கு ஒரே மகள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை அவளை வேலையிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன். ஃபெடரல் ஹைவே நெரிசலில் கார் ஊர்ந்துகொண்டிருந்தது.

"அப்பா, கூச்சிங்ல ஒரு வேலை கிடைச்சிருக்குப்பா. பெரிய லேப். திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்" என்றாள்.

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. எனக்கோ பயம். கூச்சிங் என்றால் கடல் தாண்டி சரவாக். நினைத்த நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது. சாயங்காலம் அவள் செருப்புச் சத்தம் கேட்காத வீட்டில் நான் என்ன செய்வேன்? இதை அப்படியே அவளிடம் சொல்லியிருக்கலாம். அப்பனுக்கு உன்னை விட்டு இருக்க முடியாதம்மா என்று சொன்னால் குறைந்தா போய்விடுவேன்?

"ஜெபிச்சுட்டுச் சொல்றேம்மா" என்றேன்.

வெள்ளிக்கிழமை கிடங்கில் வேலை அதிகம். சனிக்கிழமை காலையில் நண்பரோடு உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டேன், பந்து விளையாட்டைப் பற்றிச் சண்டை போட்டேன், வந்து காரைக் கழுவினேன். தண்ணீர்க் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே போய் அவளிடம், "ஜெபிச்சேம்மா. ஆண்டவர் சமாதானம் தரல" என்றேன். சபைப் பேச்சில் அதற்கு, அவர் வேண்டாம் என்கிறார் என்று அர்த்தம்.

"சரிப்பா" என்றாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. கீழ்ப்படிகிற பிள்ளை என்று எனக்கு ஒரே பெருமை. அடுத்த வாரம் சபையில் நாலு பேரிடம் சொல்லிக்கூடக் காட்டினேன்.

அதற்குப் பிறகு அவள் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுப்பதை விட்டாள். ஷிப்ட் வேலை, களைப்பு என்று நினைத்தேன். குடும்ப ஜெபத்தில் அவள் முறை வரும்போது இரண்டே வரியில் முடித்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று நினைத்தேன். நினைப்பதற்கு எனக்குக் காரணங்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். போன வருடம் அப்படி ஒரு கூட்டம். இருபது பேர் இருப்பார்கள். பாய் விரித்து எல்லாரும் கீழே உட்கார, என் மனைவி மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். அவளுக்கு வலது முட்டி தேய்ந்து போய் அப்போது மூன்று வருடம், மண்டியிட முடியாது. பாட்டு முடிந்து சாட்சி நேரம் வந்தது. ஆண்டவர் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். ஒருவருக்கு விசா கிடைத்திருந்தது, ஒருவருக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்வோம். திடீரென்று என் மகள் எழுந்தாள். அவள் சாட்சி சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது. நான் பூரித்துப் போனேன்.

"ரெண்டு வருஷம் முன்னாடி கூச்சிங்ல எனக்கு வேலை கிடைச்சுச்சு" என்று ஆரம்பித்தாள். "எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அப்பா ஜெபிச்சாங்க. ஆண்டவர் வேணாம்னு சொல்லிட்டாரு. நான் போகல."

"ஸ்தோத்திரம்!" என்றது கூட்டம். நானும்தான்.

"நான் அவர்கிட்ட ஆசையா கேட்டது அது ஒண்ணுதான். எனக்குப் பிடிச்சது அவருக்குப் பிடிக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் நான் அவர்கிட்ட எதுவும் கேக்கறதில்ல. உண்மையச் சொன்னா, ரெண்டு வருஷமா நான் ஜெபமே பண்றதில்ல. எல்லாரும் கண்ண மூடறப்ப நானும் மூடிக்குவேன். அவ்ளோதான். நடிச்சு நடிச்சு அலுத்துப்போச்சு, அதான் சொல்றேன்."

முன்வரிசையில் இருந்த ஓர் ஆன்டி பழக்கதோஷத்தில் "ஸ்தோத்திரம்!" என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். நான் ஒரு நிமிடம்கூட ஜெபிக்கவில்லை. கார் கழுவினேன். அந்த இரண்டு நாளில் ஆண்டவர் பக்கம் நான் திரும்பியே பார்க்கவில்லை. அவர் சொல்லாத ஒரு 'வேண்டாம்' என்ற வார்த்தையை அவர் வாயில் வைத்து என் பிள்ளையிடம் கொடுத்தேன். அவள் அதை நம்பி, என்மேல் வர வேண்டிய கோபத்தை அவர்மேல் வைத்துவிட்டு, இரண்டு வருடம் அவரோடு பேசாமல் இருந்திருக்கிறாள்.

அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாஸ்டர் அவசரமாக ஒரு பாட்டைப் பிடித்தார். கூட்டம் முடிந்து மீகூன் சேமியாவும் தேத்தண்ணீரும் கொடுக்கும்போது அவர் என்னைத் தனியே அழைத்து, "சத்துரு பிள்ளைய சோதிக்கிறான் அண்ணே. நாம உபவாசம் இருப்போம்" என்றார். நான் தலையாட்டினேன்! பாவம், பிசாசு. நான் செய்ததற்கு அவன் தலையில் பழியைப் போட்டுவிட்டு மீகூன் சாப்பிட்டேன். அந்த மீகூன் தொண்டையில் இறங்கிய விதத்தை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

ஏழு மணிக்கெல்லாம் எல்லாரும் போய்விட்டார்கள். மகள் கூடத்தில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மனைவி அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், கூடத்திலிருந்து பார்த்தால் தெரியும் தூரம்தான். நான் பாயின் மறுமுனையைப் பிடித்தேன்.

"கூச்சிங் வேலைக்கு நான் ஜெபிக்கவே இல்லம்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆண்டவர் வேணாம்னு சொல்லல. நான்தான் வேணாம்னு நெனச்சேன். நீ அவ்ளோ தூரம் போறது எனக்குப் பிடிக்கல. அத என் பேர்ல சொல்றதுக்குத் தைரியம் இல்ல."

அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன். அவளோ பாயைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ அம்மா முட்டி?"

அதை நான் மறந்தே போயிருந்தேன். அந்தக் கூட்டத்துக்கு மூன்று வருடம் முன்பு மருத்துவர், முட்டியை மாற்ற வேண்டும், அறுவை சிகிச்சைதான் வழி என்றார். எனக்கு மருத்துவமனை என்றாலே பயம். மனைவியை அறுவை அறைக்குள் அனுப்பிவிட்டு வெளியே தனியாக உட்கார்ந்திருக்க வேண்டுமே என்ற பயம். அந்த ஞாயிறு சபையில் மைக் என் கைக்கு வந்தபோது, கத்தி படாமல் சுகமாக்குவதாக ஆண்டவர் எனக்கு உணர்த்தினார் என்று சொல்லிவிட்டேன். சபையே கைதட்டியது. என் மனைவி எழுந்து நின்று கைகளை உயர்த்தினாள். மருத்துவர் கொடுத்த தேதியை மறுநாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

"அப்பா, உங்களத்தான் கேக்கறேன். அம்மாவுக்கு ஆபரேஷன் வேணாம்னு யாரு சொன்னா?"

அடுப்படியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. மனைவி ஈரக் கையோடு, இடது காலில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து நின்று என்னைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு அத்தனை நேரம் பிடித்தது.

மனைவி என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். "ஏங்க, மூணு வருஷமா ஒவ்வொரு தடவ மாடி ஏறறப்பவும், எனக்குத்தான் விசுவாசம் பத்தலன்னு நெனச்சேங்க. ஆண்டவர் சொல்லியும் சுகமாகலன்னா என்கிட்ட ஏதோ பாவம் இருக்குன்னு நெனச்சு அழுதிருக்கேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் அவள் காலடியில் பாயில் உட்கார்ந்துவிட்டேன். இருபது வருடம் மூப்பராக இருந்தவன், என் வீட்டிலேயே இரண்டு பேருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் சுவர் எழுப்பி வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை குடும்ப ஜெபம். எப்போதும் நான்தான் தொடங்குவேன், நான்தான் முடிப்பேன், இடையில் மற்றவர்களுக்கு என்ன குறை என்பதையும் ஜெபமாகவே சொல்லிவிடுவேன். ஆண்டவரே, இவளுக்குப் பொறுமையைத் தாரும் என்றால் இவள் நேற்று என்னிடம் பொறுமையில்லாமல் பேசினாள் என்று அர்த்தம். அன்றும் பழக்கத்தில் தொண்டையைக் கனைத்தேன்.

"இன்னிக்கு நீங்க பேசாதீங்க. அவரு கொஞ்சம் பேசட்டும்" என்றாள் மனைவி.

பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. எனக்குள்ளே நூறு வாக்கியங்கள் வரிசையில் நின்றன, எல்லாமே கட்டளைகள். ஒவ்வொன்றாக ஓய்ந்து போன பிறகு, மன்னியும் என்ற ஒன்று மட்டும் மிஞ்சியது. அவருடைய நாற்காலியில் நான் ஏறி உட்கார்ந்துகொண்டு, அவர் பேரை வாசலில் மாட்டி வைத்திருந்தேன். இறங்குகிறேன் ஆண்டவரே என்றேன், மனதுக்குள்ளேதான். நான் ஒருவேளை உண்மையாக ஜெபித்தது அப்போதுதான் என்று இப்போது தோன்றுகிறது. மகள் கண்ணை மூடவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

அன்று ஞாயிறு, சபையில் மைக்கைக் கேட்டு வாங்கி இரண்டையும் சொன்னேன். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. மூப்பர் பொறுப்பிலிருந்து விலகினேன். சிலர் வேண்டாம் என்று தடுத்தார்கள், நல்லவேளை, ஜெபித்துச் சொல்கிறேன் என்று நான் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து எலும்பு மருத்துவரிடம் போனோம். படத்தைப் பார்த்துவிட்டு அவர் வழக்கம்போல் என்னைப் பார்த்து, "செய்திடலாமா?" என்றார். என் வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டு, "அவங்களக் கேளுங்க டாக்டர்" என்றேன். "ஒரு நிமிஷம் டாக்டர்" என்று சொல்லி அவள் அங்கேயே கண்ணை மூடினாள். மருத்துவர் பேனாவைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். கண்ணைத் திறந்து, "செய்திடுங்க" என்றாள். அறுவை சிகிச்சை நடந்த மூன்று மணி நேரமும் நான் வெளியே தனியாக உட்கார்ந்திருந்தேன். நான் பயந்த மாதிரியேதான் இருந்தது, ஆனாலும் உட்கார முடிந்தது.

மகள்தான் பாக்கி. கூச்சிங் வேலை எப்போதோ போய்விட்டது. என்னோடு பேசுவாள், சாப்பிடுவாள், காரில் வருவாள், ஆண்டவர் பேச்சு வந்தால் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் வற்புறுத்தவில்லை. அந்த உரிமையை நானே தொலைத்துவிட்டேன்.

போன வாரம் கிடங்கில் லோரி ஒன்று பின்வாங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. மகள் எழுதியிருந்தாள்: "அப்பா, நாளைக்கு கூச்சிங்கோட வீடியோ இன்டர்வியூ. வேற லேப். நேத்து நானே ஜெபம் பண்ணேன். நீங்களும் பண்ணுங்க."

திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்குள் அடுத்த வரியும் வந்தது.

"பதில் சொல்ல வேணாம்ப்பா. ஜெபம் மட்டும் போதும்."

லோரிக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். பெட்டிகளுக்குப் பின்னால் போய், தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சிமெண்டுத் தரையில் மண்டியிட்டேன்.