ஞானபாக்கியத்தின் சிங்க்

ஞானபாக்கியத்துக்கு வலது முழங்கால் மடங்காது. சேத்தூரில் பருத்தி ஏற்றிய வண்டி சாய்ந்து உடைந்த கால். கட்டுப் போட்ட நாட்டு வைத்தியர் கைராசியில் நேராகவே கூடிவிட்டது. நடப்பாள், நிற்பாள், குத்தவைக்க மட்டும் முடியாது. நம் அடுப்படிகளில் அரைப்பது, அரிவது, கழுவுவது எல்லாம் உட்கார்ந்துதானே? அவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? கொழும்புக்குப் போன புருஷன் கடிதாசிகூடப் போடவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் பெண்கள் விடுதி ஒன்றில் மட்டும் நின்று பாத்திரம் கழுவ ஒரு சிங்க் இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மாள் தன் உயரத்துக்கு வைத்துவிட்டுப் போன பீங்கான் தொட்டி. மற்ற வேலைக்காரிகள் அதை மதிக்கவே இல்லை. கிணற்றடியில் தேய்த்தால்தான் பாத்திரம் சுத்தமாகும் என்பது அவர்கள் கட்சி. ஞானபாக்கியம் வந்த பிறகுதான் அதற்கு மவுசு. எண்பது பிள்ளைகளின் தட்டுகளை அதில் கழுவித்தான் ஏழு வருஷம் சோறு தின்றாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் அது ஒழுக ஆரம்பித்தது. தொட்டியின் ஓட்டையில் மாட்டிய பித்தளைக் குழாயை அடியில் ஒரு நட்டு இறுக்கிப் பிடித்திருக்கும். அங்கே கசிந்த தண்ணீர் தரையோடு ஓடிப் பக்கத்து அறை அரிசி மூட்டையை நனைத்தது. யுத்த காலத்தில் அரிசி நனைந்தால் சும்மா விடுவார்களா? கசிவை அடைக்கும் ரப்பர் வாஷரோ மதராசிலும் கிடைக்கவில்லை.

ராஜபாளையத்திலிருந்து மில்லில் மிஷின் பழுதுபார்க்கும் பிட்டர் ஐயாதுரையை வரவழைத்தார்கள். மில்லுக்கு ஞாயிறுதான் லீவு; ஓய்வுநாளில் வேலை கூடாதென்ற விடுதிச் சட்டம் சிங்குக்காகக் கண்ணை மூடிக்கொண்டது. ஐயாதுரை கெட்டிக்காரன்தான். ஆனால் அவனுக்குத் தன் மில் நூலைத் தவிர உலகத்தில் வேறு நூல் கிடையாது.

“அறுபதாம் நம்பர் நூல், அக்கா. வெண்ணெய் மாதிரி இருக்கும்” என்று சொல்லி குழாயின் திருகு மரையில் அதைச் சுற்றி முடுக்கினான். செத்த நேரம் பார்த்தான். சொட்டவில்லை. பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிப்புகையில் ஓடிய கரி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டான். மத்தியானம் மறுபடி சொட்டியது. அடுத்த ஞாயிறு இரண்டு மடங்கு நூல் சுற்றினான். இரண்டு மடங்கு சொட்டியது.

விடுதித் தலைவி ஜெயபாய் டீச்சர் நல்லவர், அரிசி விஷயத்தில் கறார்.

“இன்னும் ஒரு தடவ பாப்போம். இல்லன்னா திங்கக்கிழம கொத்தனார் வந்து தொட்டியப் பேத்திருவாரு. பழையபடி கிணத்தடியில கழுவிக்கிடலாம்.”

“சரிங்கம்மா” என்றாள் ஞானபாக்கியம். கிணற்றடி என்றால் தன் பிழைப்பு முடிந்தது என்று அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் தரையில் மல்லாந்து படுத்து, காலை நீட்டியபடியே நகர்ந்து தொட்டிக்கு அடியில் போனாள். ஐயாதுரை குத்தவைத்து முன்பக்கத்தைத்தான் பார்த்திருந்தான். படுத்துக் கிடந்தவளுக்கு நட்டின் பின்பக்கம் தெரிந்தது. அங்கே ஒரு நூல் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சொட்டு திரண்டு அவள் கன்னத்தில் விழுந்தது.

ஞாயிறன்று ஐயாதுரை பெரிய நூல் உருண்டையோடு வந்தான்.

“தம்பி, அது திரி” என்றாள். “விளக்குல எண்ணெய் ஏறுத மாதிரி உங்க நூல்ல தண்ணி ஏறுது. நல்லா ஊறுத வரைக்கும் சொட்டாது. நீங்க பஸ் ஏறுன பொறவுதான் சொட்டும்.”

ஐயாதுரைக்கு முகம் சுருங்கிவிட்டது. “வேற எதச் சுத்தச் சொல்லுதீய?”

அரிசிச் சாக்கிலிருந்து பிரித்த சணலை நீட்டினாள். “இது ஊறுனா உப்பி அடச்சுக்கிடும்.”

பருத்தியில் பிழைப்பவன் சணலைத் தொடக் கூச்சப்பட்டான். ஆனாலும் கிரீஸில் புரட்டிச் சுற்றி முடுக்கினான்.

பையை எடுத்தவனை அவள் விடவில்லை. “பஸ் போனாப் போவுது. இருங்க.” ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியட்டும் என்று அடியில் உலர்ந்த சாம்பலைத் தூவி, தொட்டியை அடைத்துத் தண்ணீர் நிரப்பினாள்.

“ஒரு சிங்குக்கு எதுக்குக்கா இம்புட்டுப் பாடு? கிணத்தடியில ஒக்காந்து கழுவுனா ஆவாதா?”

“ஒக்கார முடியாது தம்பி. கால் மடங்காது.”

மூன்று ஞாயிறாக, விளக்குப் பிடிக்கக்கூடக் குனியாத இவளுக்கு மிஷன் சோற்றுத் திமிர் என்று அவன் நினைத்திருந்தான். வெட்கமாகப் போயிற்று. பையைக் கீழே வைத்தான். சட்டையில் சாம்பல் ஒட்டுவதைப் பார்க்காமல் மல்லாந்து படுத்து, நட்டின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து, இன்னும் அரைச் சுற்று முடுக்கினான். கலைந்த சாம்பலை அவனே சரியாகப் பரப்பினான்.

திங்கள் காலை ஜெயபாய் டீச்சர் அந்தச் சாம்பலில் விரலை வைத்துப் பார்த்தார். விரல் முழுக்க உலர்ந்த வெளுப்பு; துளி ஈரமில்லை.

“கொத்தனார வரவேண்டாம்னு சொல்லிருதேன்” என்றார்.

ஞானபாக்கியத்துக்கு எண்பது தட்டுகள் காத்துக் கிடந்தன. கண்ணைத் துடைக்கக் கை ஒழியாமல், அழுதபடியே நின்று கழுவினாள்.