கால்வெஸ்டன் கடலில் விஜிக்குச் சொல்லாத ஜெபம்

டெக்சாஸில் அஸ்தி கரைக்க எங்கே போகலாம், எவ்வளவு செலவாகும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பயணம்தான். 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் போனது. சந்தோஷமான பயணம் இல்லை, படங்களும் எடுக்கவில்லை.

ஹூஸ்டனில் இருக்கும் சுந்தர் என் கல்லூரி நண்பன். அவன் மனைவி விஜி புற்றுநோயில் இறந்துபோனாள். நான் அப்போது நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் இருந்தேன். தகனத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. அஸ்தி கரைக்கும்போதாவது கூட இருப்போம் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் நியூவார்க்கில் விமானம் ஏறினேன். நாலு மணி நேரப் பயணம், டிக்கெட் 318 டாலர்.

சுந்தரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னையில் நாங்கள் கோயிலுக்குள் போனால் அவன் வெளியே செருப்புக்குக் காவல் நிற்பான். டெக்சாஸில் பேரைக் கேட்ட கையோடு, எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே இவன் ஹிந்து ஆனான். கோயில் கமிட்டியில் சேர்ந்தான், பார்க்கிங் லாட்டுக்கு நிதி திரட்டினான், ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் புளியோதரையை விடமாட்டான். சந்நிதிப் பக்கம் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை, எங்கள் வீட்டிலும் விளக்கு ஏற்றுவது தீபாவளிக்குத்தான்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். ஹூஸ்டனிலிருந்து கால்வெஸ்டன் தெற்கே ஐம்பது மைல், ஃப்ரீவேயிலேயே போய்விடலாம், ஒரு மணி நேரம். சுந்தர் ஓட்டினான். பின் சீட்டில் அவன் மகள் நித்யா, பதினாறு வயது, மடியில் அம்மாவின் அஸ்தி. வழியில் சுந்தர் சொன்னான்: விஜியை கீமோவுக்குக் கூட்டிக்கொண்டு போனது பக்கத்துச் சர்ச்சைச் சேர்ந்த இரண்டு பெண்கள். இவனுக்கு லீவு கிடைக்கவில்லை. தாங்களும் இன்று கடலுக்கு வரலாமா என்று கேட்டார்களாம். இது எங்கள் மதச் சடங்கு என்று மரியாதையாக மறுத்துவிட்டானாம். நித்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படகு இரண்டு மணி நேரத்துக்கு 250 டாலர். ஓட்டுபவருக்கு அறுபது வயதிருக்கும். என்ன மதம் என்று கேட்டார். "ஹிந்து" என்றான் சுந்தர், யோசிக்காமல். தான் பாப்டிஸ்ட் என்றும், கடைசியாகச் சர்ச்சுக்குப் போனது தன் இரண்டாவது கல்யாணத்துக்கு என்றும் அவர் சொன்னார். கரை மறைந்த பிறகு எஞ்சினை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார்.

புரோகிதர் வரவில்லை. அன்று அவருக்கு மூன்று இடத்தில் கிரகப்பிரவேசம். அதற்கென்ன, ஹூஸ்டனில் அப்போது எல்லாரும் செய்ததுதான், மந்திரத்தை கேசட்டில் பதிந்து கொடுத்திருந்தார். சுந்தர் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துப் போட்டான். மந்திரம் கணீரென்று வந்தது. நாங்கள் கைகூப்பி நின்றோம். ஐந்து நிமிடம் கழித்துப் புரோகிதர் தமிழில் சொன்னார்: "இப்போ பாலை அடுப்புல வைங்கோ. பொங்கினதும் எல்லாரும் சந்தோஷமா கை தட்டுங்கோ."

இரண்டு வருடத்துக்கு முன்னால் சுந்தர் வீடு வாங்கியபோது கொடுத்த கேசட். அதுவும் அஸ்திக் கேசட்டும் ஒரே டிராயரில் கிடந்திருக்கின்றன, கைக்கு வந்ததை எடுத்து வந்துவிட்டான். பால் வரும்வரை எங்கள் இருவருக்குமே வித்தியாசம் தெரியவில்லை. சிரிப்பும் வரவில்லை, வெட்கமாக இருந்தது. சுந்தர் கேசட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

அப்போதுதான் நித்யா கண்ணை மூடிக்கொண்டு மெல்ல ஆங்கிலத்தில் ஒரு ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு வரிதான் சொல்லியிருப்பாள். அதில் ஏசுவின் பெயர் வந்தது.

"வேணாம் நித்யா" என்றான் சுந்தர். "நாம ஹிந்து."

"அம்மா செட் திஸ் எவ்ரி நைட், அப்பா. யூ வேர் நெவர் இன் த ரூம்."

முடிக்கட்டும் விடுடா என்றேன். "ஊர்ல விஜியோட அப்பா கேட்டா நான் என்னடா சொல்லுவேன்?" என்றான். மகளிடமிருந்து அஸ்தியை வாங்கினான். ஒரு வார்த்தை இல்லாமல் கடலில் விட்டான். அவன்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது, பாவமாகவும் இருந்தது.

போகிறவர்களுக்கு: மார்ச்சில் கடல்காற்று குளிரும், ஜாக்கெட் எடுத்துப்போங்கள். குமட்டலுக்கு மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையைக் கடலில் போடாதீர்கள். கேசட்டை வீட்டிலேயே ஒருமுறை போட்டுக் கேளுங்கள். அதைவிட முக்கியம், ஆள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள், ராத்திரி யாரைக் கும்பிடுகிறாய் என்று. விஜியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், எதையும் ஒளிக்கிறவள் இல்லை.

அடுத்த வருடம் திதிக்கு முன்னால் சுந்தர் போன் பண்ணினான். புரோகிதர் நேரில் வருகிறாராம். எல்லாம் முடிந்ததும் அந்த ஜெபத்தையும் ஒருமுறை சொல்லலாம் என்று நினைத்தானாம், அதனால் நித்யாவிடம் கேட்டானாம். மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டாளாம்.

"மறந்திருக்க மாட்டாடா" என்றான்.