கண் மூடாத ஜெபம்

சின்ன வயதிலிருந்தே எனக்கு யாரையும் லேசில் நம்புகிற பழக்கம் கிடையாது. ஜெப நேரத்தில் எல்லோரும் ஒழுங்காகக் கண்ணை மூடியிருக்கிறார்களா என்று பார்ப்பதற்காகவே நான் கண்ணைத் திறந்து வைத்திருப்பேன். அதற்காக அம்மாவிடம் வாங்கிய குட்டு கொஞ்சநஞ்சமல்ல.

ஏலப்பாறை பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட்டில், அந்தோணியார் திருவிழாவுக்கு மேல் டிவிஷனும் கீழ் டிவிஷனும் கபடி ஆடும். ஆட்டத்துக்கு முன் இரண்டு அணியும் கோயிலைப் பார்த்து முழந்தாளிட்டு, யாருக்கும் அடிபடக் கூடாது என்று ஜெபிப்பது வழக்கம். எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் கீழ் டிவிஷனுக்குச் சித்தப்பா ஆடினார். மேல் டிவிஷனில் கபடி பாடி வரும் ஒரு அண்ணனைப் பிடிக்க முடியாமல் மூன்று வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தோம். நல்ல அண்ணன். பள்ளிக்கூட ஜீப்பில் என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். அடுத்த மாதம் அவருக்குப் போலீஸ் வேலைக்கான ஓட்டப் பரீட்சை இருந்தது.

ஜெபம் முடிந்ததும் சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏய், நீதான் கண்ண மூட மாட்டியே. அவன் சரியா முட்டி போட்டானா?"

சித்தப்பா கண்ணை மூடியிருந்தது உண்மை. அதற்கு நானே சாட்சி.

"இல்ல சித்தப்பா. வலது முட்டிய மட்டுந்தான் ஊனுனாரு. இடது கால மடக்காமத் தள்ளியே வச்சிருந்தாரு" என்றேன். குட்டுக்குப் பதில் அன்றைக்குக் கன்னத்தில் ஒரு செல்லத் தட்டு கிடைத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாவது முறை பாடி வந்தபோது அண்ணனைச் சித்தப்பா இடது காலில் பிடித்தார். நடுவர் விசில் ஊதினார். அதற்குப் பிறகும் சித்தப்பாவின் கை முறுக்கிக்கொண்டே இருந்தது. அண்ணன் கத்திய கத்தலில் மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்.

கோப்பை எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தது. அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேணும்னேதான பண்ணுன?" என்று கேட்டாள்.

"வெளாட்டுன்னா அடிபடத்தான் செய்யும் மதினி" என்றார் சித்தப்பா.

நான் நம்பவில்லை. யாரோ செல்போனில் எடுத்த வீடியோவை அம்மாவின் போனில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். விசில், அப்புறம் முறுக்கு. ஒவ்வொரு தடவையும் அதே வரிசைதான். சித்தப்பா சிரித்தால் சந்தேகம், சாப்பிடாமல் எழுந்தால் இன்னும் சந்தேகம். ஒரு வாரம் அவர் வாங்கி வந்த மிட்டாயைத் தொடவில்லை.

அண்ணன் ஓட்டப் பரீட்சைக்குப் போகவில்லை. இன்றைக்கும் இலை எடை போடும் ஷெட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் ஊருக்குப் போனால் பையை வாங்கிக்கொள்ள எழுந்திருக்கப் பார்ப்பார். எனக்கு அவமானமாக இருக்கும்.

திருவிழா நடந்த அந்த மாதமே எனக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதற்கு முன், செய்த பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் முதல் பாவசங்கீர்த்தனம். சாமியாரிடம் விசில், வீடியோ என்று சித்தப்பாவின் பாவம் முழுவதையும் ஒப்பித்தேன்.

"அத அவரு வந்து சொல்லட்டும்மா. நீ என்ன பண்ணுன?" என்றார்.

வெகுநேரம் யோசித்தேன். "ஜெபத்துல கண்ண மூடல, சாமி" என்றேன்.

மூன்று முறை 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். மூன்றையும் கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னேன். இனி என் மேல் ஒரு குற்றமும் இல்லை என்ற நிம்மதியில் வீடுவரை ஒரே ஓட்டமாக ஓடினேன்.