கேள்விக்காரி முன்னால் என் விருப்பப் பாடம்

எங்கள் கல்லூரி நாடகத் துறையில் பாடத்திட்டத்தைத் திருத்தப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். திருத்தம் என்றால் எதையாவது வெட்டுவார்கள். வெட்டுவதற்கு வாகாக இருந்தது என் பாடம்தான். பொராட்டு நாடகம் என்ற விருப்பப் பாடம். போன வருடம் அதை எடுத்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர், அந்த வகுப்பறையில்தான் மின்விசிறி ஒழுங்காகச் சுற்றுகிறது என்று காரணம் சொன்னார்.

பொராட்டு எங்கள் பாலக்காட்டுப் பக்கத்து ஆட்டம். பாட்டில் தமிழும் மலையாளமும் கலந்து வரும். எந்த வேடம் மேடைக்கு வந்தாலும் அங்கே நிற்கும் கேள்விக்காரர் மடக்குவார். யார், எந்த ஊர், வந்த காரியம் என்ன? பாடித்தான் தப்பிக்க வேண்டும்.

கூட்டத்தில் துறைத் தலைவி, அவரும் எங்கள் பக்கத்துச் சித்தூர்க்காரர், நான் எழுதிய பாட விளக்கத்தை உரக்க வாசித்தார். "நிகழ்த்துவெளியின் எல்லைசார் அடையாளக் கட்டமைப்பும் அதன் கட்டவிழ்ப்பும்..." பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

"ஏனுங்க சார், இதுக்கு என்னங்க அர்த்தம்?"

எழுதியபோது தெரிந்திருந்தது.

ஒளியமைப்புப் பாடம் நடத்தும் நண்பர் வண்டன்மேட்டுக்காரர். சும்மா இருப்பாரா? "ஏப்பா, எங்க ஊரு ஏலத்துல ஏலக்காயக் கையில அள்ளிப் பாத்துட்டுத்தான் வெல கேப்பாய்ங்க. நீ மூட்டையப் பிரிக்கவே மாட்டேங்குற."

"அதுஞ் செரிதானுங்க," என்றார் தலைவி. "சாம்பிளக் காட்டுங்க. நாந்தான் கேள்விக்காரி. புடிச்சா பாடம் இருக்கட்டும். இல்லீனா எடுத்தரலாம்."

வெளியே போனேன். ஜன்னல் திரையைக் கழற்றி முக்காடு போட்டுக்கொண்டு, அதன் தூசியில் தும்மியபடியே உள்ளே வந்தேன்.

தலைவி என் பாட விளக்கத் தாளைச் சுருட்டிக் கம்பு மாதிரி பிடித்திருந்தார். "யாரது, கேக்காம கொள்ளாம உள்ள வாரது?"

"ஆளில்லா வகுப்புக்கு
ராணி நானுங்க,
காத்தாடி சுத்துறதால
காலந் தள்ளுறேனுங்க."

"எந்த ஊரு?"

"பெருமாட்டித் தோப்புக்காரி,
பேச்சு ரெண்டுங்க,
பாதி நாக்கு அந்தப் பக்கம்,
மீதி இங்குங்க."

நண்பர் மேசையில் தாளம் போட்டார். இன்னொரு கையால் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார், அவர் துறை அல்லவா. வாசலில் மாணவர்கள் கூடிவிட்டார்கள்.

"வந்த காரியம்?"

இதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். வாயில் வந்ததைப் பாடினேன்.

"வெட்ட வந்த மகராசி,
கத்தியப் போடுங்க,
பேசிப் பேசிப் பசிக்குது,
பழம்பொரி சொல்லுங்க."

தலைவிக்குச் சிரிப்பில் கம்பு நழுவியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது விருப்பப் பாடமா வேண்டாமுங்க," என்றார். முக்காட்டுக்குள் என் முகம் செத்துப்போனது. "முதல் வருசத்துல எல்லாத்துக்கும் கட்டாயமா வெச்சரலாம். ஆனா வருசக் கடைசி ஆட்டத்துல வாத்தியாருங்களும் ஆடோணும். ராணி நீங்கதானுங்க. மீசைய எடுத்தரோணும்."

"புருவத்தையும் எடுத்துரு," என்றார் நண்பர். "லைட்டு நல்லா விழும்."

வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வந்தது. அதைத் தின்றுகொண்டே பாட விளக்கத்தைப் புதிதாக எழுதினேன். நீ யார், எந்த ஊர், வந்த காரியம் என்ன என்ற மூன்று கேள்விகள் மட்டும். ஒரு கை எழுதியது. எண்ணெயாக இருந்த மற்ற கையால் மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன். இருக்கிறவரைக்கும் அனுபவித்துக்கொள்ளலாம் அல்லவா.