காயாத பேனாவும் என் கண்களும்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான், இன்று புனேயின் போசரி தொழிற்பேட்டையில் மூன்று லேத் மெஷின்களுக்குச் சொந்தக்காரன். நான் கடைந்து தரும் மைப்பேனாக்களுக்கு ஜப்பான் அரக்கு பூசுகிற மாலதி, ஒருநாள் புதிதாகப் பூசிய ஒன்றைக் காட்டினாள்.

"இன்னும் காயலை அங்கிள், தொடாதீங்க."

"மெஷின் ஆயில்லயும் ஆசிட்டுலயும் ஊறின கைம்மா இது!" என்று தடவிப் பார்த்தேன். அதே கையால் கண்ணையும் கசக்கிவிட்டேன்.

மறுநாள் முகமெல்லாம் வீங்கி, இரண்டு கண்களும் திறக்கவில்லை. பார்வையே போய்விட்டதென்று நடுங்கிய என்னை, மனைவிதான் கைப்பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

போனில் மாலதி பதறினாள். "அது மரத்துப் பால் அங்கிள், தோல்ல பட்டா வீங்க வைக்கிற சேராங்கொட்டை மாதிரி. காயற வரைக்கும் விஷம்!"

நான்கு நாள் மருந்தில் கண் திறந்தது. இப்போதும் என்னளவு வேலை தெரிந்தவன் போசரியில் கிடையாது. ஆனால் மாலதி தன் பேனாப் பெட்டியைத் திறந்தால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் குனிந்து பார்க்கிறேன்.