சங்கரி செதுக்காத முகம்

என் சிநேகிதி சங்கரி போய்விட்டாள் என்று செய்தி வந்தபோது, தென்காசியில் எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் காது வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். காதாம் காது! சாக்பீஸை வீசிவிட்டு மேலகரத்தில் அவள் வீட்டுக்கு ஓடினேன். ஓடி என்ன? அவளை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

அவளை அறிந்தவர்களுக்கு அவளுடைய மரச்செதுக்குப் படங்களும் தெரியும். பலகையை உளியால் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுப்பாள். ஒடிந்த கழுத்து, துருத்திய எலும்பு, உடம்புக்கு மீறிய கை. "ஏம்மா கை இவ்வளவு பெருசு?" என்று கண்காட்சியில் ஒருவர் கேட்டார். "காய்ச்சல்ல கிடந்தப்ப எங்கம்மா நெத்தியில வச்ச கை அம்புட்டுப் பெருசாத்தான் இருந்துச்சு," என்றாள்.

எனக்கும் அவளுக்கும் இதில் ஓயாத சண்டை. நான் முகம் வரைகிறவள்; அவளுக்கு உடம்புதான் பேசும். போன சீசனில் என்னைக் குற்றாலத்துக்கு இழுத்துப் போனாள். அருவியில் நின்ற பெண்களைக் காட்டி, "ஏட்டி, மூஞ்சி பொய் சொல்லும். தோளைப் பாரு. எவ பயந்துக்கிட்டு நிக்கா, எவ அழுதுக்கிட்டு நிக்கான்னு அது சொல்லிரும்," என்றாள். அப்போதே நோய் வந்திருந்தது. என்னிடம்கூட மறைத்தாளே, பாவி!

அவள் விட்டுப்போன கடைசிப் பலகையில் அருவிக்கடியில் ஒரு பெண். முகம் மட்டும் உளி படாமல் கிடந்தது. "பதினாறாம் நாள் எல்லாருக்கும் காட்டணும் டீச்சர். மூஞ்சி இல்லாம எப்படி வைக்க? நீங்க முடிச்சுக் கொடுங்க," என்றார் அவள் வீட்டுக்காரர். சரியென்று பலகையையும் அவள் உளியையும் தூக்கி வந்துவிட்டேன். உளியை எடுப்பேன், வைப்பேன். ஒரு கீறல் தப்பாக விழுந்தால் மரத்தில் அழிக்கவா முடியும்?

எங்கே வெட்டுவதென்று தெரிந்துகொள்ள, மை உருட்டி ஒரு பிரதி எடுத்துப் பார்த்தேன். வெட்டாத இடம் கறுப்பாகத்தான் விழும். முகம் கன்னங்கரேலென்று இருந்தது. ஆனால் அந்தத் தோள்கள்! தண்ணீரின் அடியைத் தாங்கிக்கொண்டு காதுவரை ஏறி நின்றன. கீழ் மூலையில், பலகையில் இடம்வலம் மாறி வெட்டியிருந்ததால் என் கண்ணுக்குத் தப்பியிருந்த பெயர்: சங்கரி. வேலை முடியாமல் அவள் பெயர் வெட்டியதே இல்லை. உளியைக் கீழே வைத்துவிட்டேன்.

தாளை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தத் தோளை விரலால் தொட்டார். "அவதான் டீச்சர். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதெல்லாம் இப்படித்தான் நிப்பா. வலிக்கான்னு கேட்டா சிரிப்பா," என்றார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

பதினாறாம் நாள் அந்தத் தாளையே எல்லாருக்கும் காட்டினார். பலகை அவரிடம் இருக்கிறது. உளியை நான் வைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் கண்ணாடிமுன் நின்றால் எனக்கு என் முகம் தெரிவதில்லை, காதுவரை ஏறிய தோள்தான் தெரிகிறது. இன்னும் இறங்கவில்லை, சங்கரி.