கோபமே படாத அதிகாரி

நான் பொறியியல் படித்துவிட்டு ஆசிரியையானவள். பாளையங்கோட்டையில் ஒன்பதாம் வகுப்புக்கு, அகதிகளைப் பற்றிய பாடத்தை ஒரு சிறு நாடகமாக நடத்தினேன். யாருக்கு என்ன வேடம், எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முதல் நாளே தாளில் எழுதி வைத்திருந்தேன்.

ஒரு குடும்பத்தை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் அதிகாரி வேடம் சுமதிக்கு. அவள் மெதுவாக, "அம்மா, சாமானெல்லாம் பையப் பைய எடுத்து வைங்க. வேன் கீழ நிக்கி" என்றாள்.

"ஏட்டி, வெரட்ட வந்தியா, விருந்துக்குக் கூப்பிட வந்தியா?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள். வகுப்பே சிரித்தது.

எனக்கு எரிச்சல் வந்தது. "கோபமாச் சொல்லு சுமதி. நிஜத்துல யாராவது இப்படிப் பேசுவாங்களா?" என்று மூன்று முறை திரும்பச் செய்யவைத்தேன். மூன்று முறையும் அதே குரல்.

கடைசியில் சொன்னாள். "டீச்சர், தேயிலை எஸ்டேட்ல இருந்து எங்களக் கீழ எறங்கச் சொன்னப்போ ஆபீசருங்க இப்படித்தான் பேசுனாவ. கோவப்பட்டிருந்தா எங்கப்பா சண்டையாவது போட்டிருப்பாவ."

கையிலிருந்த மதிப்பெண் தாளை மேசைமேல் வைத்தேன்.

"இப்ப நான் சத்தம் போடணுமா டீச்சர்?" என்று உண்மையாகவே கேட்டாள்.

"வேண்டாம்மா, உக்காரு."

எந்த நாட்டு மக்கள் எங்கே இடம்பெயர்ந்தார்கள் என்று வரைபடத்தில் காட்ட எனக்குத் தெரியும். மலையிலிருந்து இறங்கி வந்த பிள்ளையிடம், எந்த ஊர் என்று எட்டு மாதமாகக் கேட்கத் தெரியவில்லை. வீட்டை இழப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கே நான் திருத்திக் காட்டியிருக்கிறேன். அன்று வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. இப்போது அது என்மேல்தான்.